காளைப் படங்களின் சாட்சியம்

சென்ற தை மாதம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், பம்மலில் உள்ள நமது காரியாலயத்திற்குப் பெரியவர் ஒருவர் வந்தார். மதுரைச் சீமையில் பிறந்து, இளமையில் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்து, நாகல்கேணியில் தோல் பதனிடும் சாலையொன்றில் முப்பது வருஷத்திற்கு மேல் உழைத்து ஓய்ந்தவர். துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய புகைப்படம் ஒன்றை எடுத்து நமது மேஜை மீது வைத்தார். தடித்த அட்டையில் ஒட்டிய படம். நடுவில் தலைப்பாகையுடன் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில், திமில் உயர்ந்த காளையொன்று கொம்பில் துணி கட்டி நிற்கிறது. படத்தின் ஓரத்தில், பாதித் தோள் வெளியே போய்விட, ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அட்டையின் அடியில் மையால் இரண்டு பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஒன்று நாற்காலியில் இருப்பவருடைய பெயர். மற்றொன்று காளையின் பெயர்.

"கயிற்றைப் பிடித்திருப்பவர் என்னுடைய பாட்டனார், ஐயா. காளையை வளர்த்தவர் அவர்தாம். அவர் பெயர் மட்டும் இதில் இல்லை" என்றார் பெரியவர்.

இந்த ஒரு வாக்கியமே இன்று நம்மை எழுதத் தூண்டியது. ஜல்லிக்கட்டைப் பற்றி நமது நாட்டில் பேசப்பட்டதற்கும் எழுதப்பட்டதற்கும் குறைவில்லை. ஆயினும், அவ்விளையாட்டின் பழைய படங்களைப் பற்றி, அவற்றை எடுத்தவர் யார், அவற்றின் கீழே பெயர் எழுதியவர் யார், அவை எதற்குச் சாட்சி என்பதைப் பற்றி, நாம் போதிய அளவு யோசித்ததில்லை. படம் பொய் சொல்லாது என்று ஜனங்கள் நம்புகின்றனர். படம் தானாக ஒன்றும் சொல்வதில்லை என்பது நமது அபிப்பிராயம். படத்தின் கீழே எழுதும் கை எதுவோ, அதுவே பேசுகிறது. அந்தக் கை நீண்ட காலம் அந்நியருடையதாக இருந்தது. இன்று அது நம்முடையதாயிருக்கிறது. ஆனால் அது நேர்மையாக எழுதுகிறதா என்பதே கேள்வி.

முதலில் காமிராவின் சரித்திரத்தைச் சிறிது கவனிப்போம். 1838-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரில் டாகேர் என்பவர் ஒரு பெரிய வீதியைப் படம் பிடித்தார். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த வீதி அது. ஆனால் படத்தில் வீதி வெறிச்சென்று கிடக்கிறது. பாதரட்சைக்கு மெருகு போட்டுக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவர் மாத்திரமே பதிந்திருக்கிறார். ஓடியவை எல்லாம் மறைந்துபோயின. அசையாமல் நின்றவன் மாத்திரம் சரித்திரத்தில் இடம் பெற்றான். அக்காலத்துக் காமிராவின் தர்மம் இதுவே.

அந்தக் காமிராதான் நமது நாட்டிற்கும் வந்தது. சென்னையில் போட்டோ கலைக்கென்று ஒரு சங்கம் 1856-இல் ஏற்பட்டது. கலைப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் அதில் முன்னின்றார். இராஜதானி சர்க்காரின் போட்டோ உத்தியோகஸ்தராக நியமனம் பெற்ற லின்னேயஸ் ட்ரைப் என்னும் இராணுவ அதிகாரி எடுத்த மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் படங்கள் 1858-இல் வெளியாயின. அவை அழகில் இணையற்றவை என்பதில் ஐயமில்லை. கோபுரங்கள் நிற்கின்றன, தூண்கள் நிற்கின்றன, தெப்பக்குளம் கண்ணாடி போல் கிடக்கிறது. ஜனங்களைத்தான் காண்பது அரிது. மெழுகு தடவிய காகிதத்தில் ஓர் உருவம் பதிய நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளையைப் பதிவது எங்ஙனம்? மதுரை என்றால் கல்லும் மண்டபமுமே என்று அப்படங்களை மட்டும் பார்த்தவன் எண்ணினால், அது அவன் குற்றமன்று, கருவியின் குற்றம்.

காகிதத்திற்குப் பதிலாகக் கண்ணாடியில் ஈரமான மருந்தைப் பூசிப் படம் பிடிக்கும் முறை 1851-இல் வந்தது. அதிலும் நிமிஷங்கள் விநாடிகளாகக் குறைந்தனவேயன்றி, கண்ணிமைக்கும் நேரத்தைப் பிடிக்க முடியவில்லை. மருந்து உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியாக வேண்டும். அதற்கென ஓர் இருட்டுக் கூடாரத்தைக் கூடவே தூக்கிச் செல்ல வேண்டும். காளைச் சண்டைக்குப் பேர்போன ஸ்பெயினிலுங்கூட, மாட்ரிட்டில் தொழில் நடத்திய லோரான் போன்றவர்கள் 1860-க்குப் பிற்பட்ட வருஷங்களில் எடுத்தவற்றில், சரிகை உடை தரித்த வீரர்கள் ஸ்டூடியோவில் அசையாமல் நின்ற படங்கள் உண்டு. களத்தின் வேகத்தைப் பிடிக்கும் சக்தி அக்கருவிக்கு இல்லை. வீரன் உண்டு, வீரச் செயல் இல்லை. ஆடை உண்டு, ஆபத்து இல்லை.

இந்நிலையை மாற்றிய பொருள் யாது? அதை அறிந்தால் பம்மல் வாசிகள் வியப்படைவர். 1871-இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசலாம் என்று கண்டார். பின்வந்தோர் அதனைத் திருத்தினர். அதன் பிறகே உலர்ந்த தகட்டில் நொடிக்கும் குறைவான நேரத்தில் படம் பிடிப்பது எங்கும் பரவிற்று. ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. நமது தச்சர்கள் உபயோகிக்கும் வச்சிரத்திற்கு நெருங்கிய உறவு. ஆக, ஓடும் மாட்டின் உருவம் மாட்டின் தோலிலிருந்து வந்த பசையிலேதான் முதன்முதலாகத் தெளிவாகப் பதிந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிலால் வந்தது. நாகல்கேணியும் பம்மலும் தோலால் வளர்ந்த ஊர்கள். மஞ்சுவிரட்டைப் பற்றிப் பேச மதுரைக்காரருக்கு மட்டுமே உரிமை உண்டு என்று எண்ணுவோர், இத்தோல் சாலைகளில் கைவெந்து உழைத்த ஆயிரக்கணக்கானோரையும் நினைக்க வேண்டும். காளையின் புகழுக்கு ஒரு கூட்டம் உண்டு. காளையின் தோலுக்கு வேறொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தைப் படம் பிடிக்க வந்தோர் சிலரே.

கருவியின் குறை ஒருபுறம் இருக்க, பெயரிட்டவர் செய்த குறை அதனினும் பெரிது. அக்காலத்து வெள்ளை அதிகாரிகள் நமது விளையாட்டை இங்கிலீஷில் 'புல் பெய்ட்டிங்' என்ற சொல்லால் குறித்தனர். இங்கிலாந்தில் அச்சொல்லுக்குப் பொருள் யாது? காளையை முளையில் கட்டிப் போட்டு, அதன்மேல் நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது. அவர்கள் நாட்டிலேயே 1835-இல் சட்டத்தினால் தடுக்கப்பட்ட கொடுமை அது. ஸ்பெயின் தேசத்துச் சண்டையிலோ காளை வாளால் குத்துண்டு மடிகிறது. நமது களத்தில் முளையும் இல்லை, நாயும் இல்லை, வாளும் இல்லை. வீரன் வெறுங்கையுடன் திமிலைத் தழுவுகிறான். காளை தன் வீட்டுக்குத் திரும்புகிறது. மூன்று வேறு செயல்களுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டால், பெயரை மட்டும் படிக்கிறவன் மூன்றையும் ஒன்றென்றே தீர்ப்பளிப்பான். நியாயஸ்தலத்தில் வழக்கின் தலைப்பே தவறாக எழுதப்பட்டால் விவாதம் எங்கே போய் முடியும் என்பதை வக்கீல் தொழில் செய்தோர் அறிவர்.

இதனினும் கசப்பான விஷயம் ஒன்றுண்டு. ஜாதிகளையும் வழக்கங்களையும் தொகுத்து எட்கர் தர்ஸ்டன் ஏழு பாகங்களில் வெளியிட்ட பெரிய கிரந்தம் 1909-இல் வந்தது. படங்களும் அளவுகளும் அடங்கிய கிரந்தம் அது. மாடு பிடிக்கும் கள்ளர் முதலிய சமூகத்தாரின் துணிவைப் பற்றி அக்காலத்து அதிகாரிகள் வியந்து எழுதினர். அதே சர்க்கார், 1911-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அதே சமூகத்தாரின் கைரேகையைப் பதியப் புறப்பட்டது. அதற்கு இணங்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்கள் மீது 1920-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர். ஒரு கையில் காமிரா, மறுகையில் ரேகை மை. காளையின் திமிலைப் பிடித்தபோது வீரனென்று குறிக்கப்பட்ட அதே கை, காகிதத்தின் மேல் வைக்கப்பட்டபோது குற்றவாளியின் கையென்று குறிக்கப்பட்டது. ஒருவனைப் பதிவு செய்யும் உரிமையும் அவனுக்குப் பெயரிடும் உரிமையும் அந்நியன் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்நியன் போய் எழுபது வருஷங்களுக்கு மேலாகின்றன. இனி, குற்றத்தை அவன்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக உறங்க இயலாது. நாம் எழுதும் பெயர்கள் எப்படி இருக்கின்றன? மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை ஒன்றில் கொம்புள்ள பிராணி ஒன்று மனிதர்களைத் தூக்கி எறிவது போன்ற காட்சி இருக்கிறது. 2017-ஆம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது அதன் படம் எங்கும் பரவிற்று. 'நமது ஜல்லிக்கட்டின் முதல் படம்' என்று பலர் அதன் கீழே எழுதினர். அது எருமையா காளையா என்பதிலேயே ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முத்திரையின் எழுத்தோ இன்றுவரை ஐயமறப் படிக்கப்படவில்லை. கலித்தொகையின் முல்லைப் பகுதியில் ஏறு தழுவுதல் விரிவாகப் பாடப்பட்டிருக்கும்போது, நமது தொன்மைக்கு ஐயத்துக்கிடமான சாட்சியைக் கூண்டில் ஏற்றுவானேன்? நல்ல சாட்சி இருக்கும்போது பலவீனமான சாட்சியை அழைக்கும் வக்கீல் தன் கட்சியையே கெடுத்துக்கொள்கிறான். வெள்ளையன் அவசரமாக எழுதிய பெயரைப் பழிக்கும் நாம், அதே அவசரத்துடன் எழுதுவது தகாது.

இரண்டாவதாக, பழைய காளைப் படங்களில் யார் நடுவில் இருக்கிறார், யார் ஓரத்தில் இருக்கிறார் என்பதையும் நாம் பார்த்தாக வேண்டும். காளைக்குச் சொந்தக்காரர் வேறு. அதைக் குளிப்பாட்டித் தீனி வைத்து மண் குத்தப் பழக்கியவர் வேறு. களத்தில் அதன் திமிலில் தொங்கியவர் வேறு. கௌரவம் ஒருவருக்கு, உழைப்பு ஒருவருக்கு, காயம் ஒருவருக்கு. இதைத் தெளிவாகக் கண்ட தமிழ் எழுத்தாளர் சி. சு. செல்லப்பா. சுதந்திரப் போரில் சிறை சென்றவர். ஜல்லிக்கட்டைத் தாமே காமிராவில் பிடித்தவர். அவருடைய 'வாடிவாசல்' என்னும் குறுநாவலில் ஜமீன்தாரின் காளையை ஒரு சாமானியன் அடக்குகிறான். முடிவில் அந்தக் காளை ஜமீன்தாரின் துப்பாக்கிக்கே இரையாகிறது. மனிதனுடைய மானத்திற்கு மாடு விலை கொடுக்கிறது. நமது மரபின் பெருமையை அறிந்த ஒருவரே அதன் நிழலையும் எழுதினார். அவரைத் தமிழ்ப் பகைவர் என்று எவரும் சொல்லத் துணியார். அந்தத் தைரியம் நமது படத் தொகுப்புகளுக்கும் வேண்டும்.

இதெல்லாம் வெறும் பழங்கதை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். படம் சாட்சியாக வந்து நின்ற வழக்கை நாம் அண்மையில்தான் கண்டோம். 2011-இல் மத்திய சர்க்கார், காட்சிக்கும் பயிற்சிக்கும் உட்படுத்தக்கூடாத பிராணிகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. வாலை முறுக்குவது முதலான துன்புறுத்தல்களைப் பற்றி மிருக நல வாரியத்தின் சார்பில் வந்த அறிக்கைகள் அத்தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றன. 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் லக்ஷக்கணக்கான வாலிபர்கள் திரண்டனர். சட்டசபை மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாட்டளவில் திருத்தியது. அத்திருத்தத்தின் மேல் வந்த வழக்கை ஐந்து நீதிபதிகள் விசாரித்தனர். 2022-ஆம் வருஷத்தின் இறுதியில் நடந்த அவ்விசாரணையில் கொடுமைக்குச் சான்றாகப் புகைப்படங்கள் காட்டப்பட்டபோது, படங்களைக் கொண்டு அபிப்பிராயம் ஏற்படுத்திக்கொள்வது அபாயகரமானது என்று நீதிபதிகள் எச்சரித்தனர். 2023-ஆம் வருஷம் மே 18-ஆம் தேதி திருத்தச் சட்டம் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. பண்பாடா அன்றா என்பதைத் தீர்மானிக்கும் இடம் சட்டசபையே என்று கூறிய நீதிபதிகள், விதிகளைக் கண்டிப்பாக அமல் நடத்தும் பொறுப்பையும் அதிகாரிகள் தலையில் வைத்தனர்.

அந்த எச்சரிக்கையைக் கேட்டு நம்மவர் பலர் மகிழ்ந்தனர். மகிழ்வதற்கு முன் அதன் முழுப் பொருளையும் உணர வேண்டும். எதிர்க்கட்சியின் படங்களைக் கண்டு மயங்கலாகாது என்றால், நமது கட்சியின் படங்களைக் கண்டும் மயங்கலாகாது. ஒரு நொடியைப் பிடித்த படம் அதற்கு முந்திய நொடியையும் பிந்திய நொடியையும் காட்டாது. திமிலில் கை இருப்பதைக் காட்டும் படத்திலிருந்து அது தழுவலா தாக்குதலா என்பதை எவரும் அறுதியிட முடியாது. ஆனால் வாலில் கை இருப்பதைக் காட்டும் படம், நமது விதிகளின்படியே குற்றத்திற்குச் சாட்சி. அதைப் பண்பாடென்று சொல்லி மறைப்பவன் பண்பாட்டிற்குத் துரோகம் செய்கிறான். களத்தில் வருஷந்தோறும் மனிதர் மாள்வதும், காளைகள் மாள்வதும் மறைக்கக்கூடிய விஷயங்களல்ல. உயிரிழந்த வாலிபனுடைய படத்தை ஒருநாள் பத்திரிகையில் போட்டுவிட்டு மறுவருஷம் மறந்துவிடும் நமது வழக்கமும் கண்டிக்கத்தக்கதே. இதில் பத்திரிகைக்காரராகிய நாமும் குற்றவாளிகளே.

ஆதியில் காமிரா அசைவை இழந்து நிலையைக் காத்தது. இன்றோ அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. ஒரே நாளில் எடுக்கப்படும் படங்களுக்கு அளவில்லை. அசைவு முழுவதும் பதிகிறது. ஆனால் பெயர் பதிவதில்லை. எந்த ஊர், எந்தக் காளை, வளர்த்தது யார், பிடித்தது யார் என்ற குறிப்பு ஏதுமின்றி அவை கைக்குக் கை பறந்து மறைகின்றன. ஐம்பது வருஷம் கழித்து நமது பேரர்கள் அவற்றைப் பார்க்கும்போது, பாரிஸ் வீதியைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். அங்கே மனிதர் மறைந்தனர். இங்கே பெயர்கள் மறைந்திருக்கும்.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது யாதெனில், காளையை அடக்கும் வீரத்தைப் போலவே, அதைப் பற்றிய சாட்சியத்தைப் பேணும் பொறுப்பும் நம்முடையது. ஊர்தோறும் வாலிப சங்கத்தார், பழைய வீடுகளின் சுவர்களிலும் பெட்டிகளிலும் உள்ள காளைப் படங்களைத் தேடிக் காண வேண்டும். படத்தைப் பறித்து வர வேண்டாம். பிரதி எடுத்துக்கொண்டு உரியவரிடமே கொடுத்துவிட வேண்டும். ஊர், வருஷம், காளையின் பெயர், வளர்த்தவர் பெயர், பிடித்தவர் பெயர், காயமோ மரணமோ நேர்ந்திருந்தால் அதுவும், சொன்னவர் யார் என்பதும், ஒன்று விடாமல் தமிழில் எழுதி வைக்க வேண்டும். வடக்கே வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நடக்கும் எருது விடும் விழாவையும், சிவகங்கைப் பக்கத்து மஞ்சுவிரட்டையும் அவ்வவற்றின் பெயராலேயே குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கினால் வெள்ளையன் செய்த தவறையே நாமும் செய்தவராவோம்.

இது நடவாத காரியமன்று. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் திரட்டிப் பாதுகாத்திருக்கின்றனர். அந்நிய நாட்டார் நிதியுதவி செய்து காக்கும் பொருளை நாம் அலட்சியம் செய்வது நியாயமா? சென்னை தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அலங்காநல்லூருக்கு அருகில் கீழக்கரையில் 2024-இல் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கமும் இருக்கிறது. பார்வையாளர் மாடத்திற்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கு, பெயர் எழுதிய படங்களுக்கென ஓர் அறைக்குப் போதும். சர்க்கார் இதைக் கவனிக்க வேண்டும். கவனிக்கும்வரை ஜனங்கள் காத்திருக்கவும் வேண்டாம்.

நமது பம்மலுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1863-ஆம் வருஷம் மே 30-ஆம் தேதி, பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் பூதத்துவ சாஸ்திரி, மனிதன் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதே மண்ணில் எத்தனையோ பேர் எத்தனையோ கற்களை மிதித்துச் சென்றிருப்பர். அவர் இடத்தையும் தேதியையும் குறித்து வைத்தார். அக்குறிப்பினால்தான் அந்தக் கல் நமது நாட்டின் ஆதி மனிதனுக்குச் சாட்சியாயிற்று. குறிப்பு இல்லையேல் அதுவும் வெறுங்கல்லே.

பெரியவர் கொண்டுவந்த படத்தை நாம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லச் சொல்ல, அட்டையின் பின்புறம் அவருடைய பாட்டனார் பெயரையும், ஊரையும், எழுதிய தேதியையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தோம். மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மறுபடியும் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். அப்படத்தில் காளைக்குப் பெயர் முன்பே இருந்தது. இப்பொழுது கயிற்றைப் பிடித்தவருக்கும் இருக்கிறது. இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் பெயரின்றி ஓரத்தில் நிற்கின்றனரோ! அவர்களை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும் காலம் நீண்டதன்று. அடுத்த தை பிறப்பதற்கு முன் நமது வாலிபர்கள் பென்சிலை எடுத்துப் புறப்படுவார்களாக.